சேனை வைத்த விரல்

ஜெசிந்தாவுக்கு உதட்டில் கொப்புளம் வருவது புதிதல்ல. வெயில் ஏறினால் வரும், காய்ச்சலடித்தால் வரும், இரண்டு நாள் தூக்கம் கெட்டால் வரும். கீழுதட்டின் இடது ஓரத்தில், எப்போதும் அதே இடத்தில், கடுகு அளவில் நான்கைந்து கூட்டாகக் கிளம்பும். உடைந்து, பொருக்குத் தட்டி, பத்து நாளில் போய்விடும். முகையூரில் அதற்குச் சூட்டுக் கொப்புளம் என்று பெயர். வெந்தயத்தை ஊறவைத்து விழுங்குவார்கள், தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பார்கள், அதோடு சரி. அதைப் பார்த்து யாரும் தள்ளி உட்கார்ந்ததில்லை. ஒருத்தர் உடம்புச் சூடு இன்னொருத்தருக்கு எப்படி ஒட்டும்?

அந்தச் சித்திரையில் நான்கு நாள் தொடர்ந்து மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைச் செடி பிடுங்கினாள். ஐந்தாம் நாள் காலையில் உதடு அரித்தது. மத்தியானத்துக்குள் கொப்புளம் கிளம்பிவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் தங்கச்சி புருஷன் பிரான்சிஸ் திண்டிவனத்திலிருந்து போன் பண்ணினான்.

"அக்கா, பொண்ணு பொறந்திருக்கு! ஜல்தி வாங்க. செல்வி உங்களத்தான் கேட்டுக்கினு இருக்கா."

கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. ஜெசிந்தா எந்த பஸ்ஸில் ஏறினாள், விழுப்புரத்தில் எப்படி இறங்கி மாறினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஆனால் கிளம்பும்போது நிதானமாகத்தான் கிளம்பினாள். காலையில் தெருவில் ஒரு சாவுக்குப் போய் வந்திருந்ததால் மறுபடியும் தலைக்குக் குளித்தாள், பெட்டியிலிருந்து துவைத்த புடவையை எடுத்துக் கட்டினாள். பச்சைப் பிள்ளைக்கு ஒரு தூசி பட்டுவிடக் கூடாது என்று அவ்வளவு கவனம்.

பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைப்பதற்குச் சேனை வைப்பது என்று சொல்வார்கள். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும். அதனால் முன்கோபிகளையும் வாயாடிகளையும் அந்தப் பக்கம் அண்டவிட மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு இது ஆகாது. தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது என்று சுவரில் படமே ஒட்டியிருந்தது. நர்ஸ் வாயாலும் சொல்லிவிட்டுப் போனார். நம் ஜனங்கள் கேட்டுவிட்டாலும்!

"நாங்க யாரையும் வெக்க வுடல. எங்க அக்காதான் வெக்கணும்னு சொல்லிட்டேன்" என்றாள் ஆரோக்கியசெல்வி கட்டிலில் படுத்தபடியே. "அது பொறுமையில பாதி வந்தா போதும் எம் பொண்ணுக்கு."

"நர்ஸம்மா வந்துட்டா திட்டுவாங்கடி."

"நான் வாசல்ல நின்னுக்கினு இருக்கேன் அக்கா. நீங்க வெய்யிங்க" என்றான் பிரான்சிஸ்.

ஜெசிந்தா சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினாள். ஆறிய வெந்நீரில் சர்க்கரையைக் கரைத்தாள். சூடு இருக்கிறதா, இனிப்பு கூடிவிட்டதா என்று விரலை நனைத்துத் தன் வாயில் வைத்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. அதே விரலை மறுபடி நனைத்துப் பிள்ளையின் நாக்கில் வைத்தாள். அந்தச் சின்ன வாய் விரலைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சியது பாருங்கள், முப்பத்தெட்டு வயசுப் பெண்பிள்ளைக்கு உடம்பெல்லாம் ஆடிவிட்டது. குனிந்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். கன்னத்தில் கொடுத்தாள். மூடிய விரல்களில் ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். நிறுத்த முடியவில்லை.

செல்வி சிரித்தாள். "அக்கா முத்தம் குடுக்குது பாரேன்! எனக்கு ஒண்ணு குடுத்திருப்பியா இதுநாள் வரைக்கும்?"

கேலிக்குத்தான் சொன்னாள். பிரான்சிஸ் சிரித்தான், ஜெசிந்தாவும் சிரித்தாள். ஆனால் சொன்னது உண்மை.

அவர்களுடைய அம்மா லூர்தம்மாள் செல்வியைப் பெற்ற அன்றைக்கே ரத்தம் நிற்காமல் போய்ச் சேர்ந்தாள். ஜெசிந்தாவுக்கு அப்போது ஒன்பது வயது. அந்த ஒன்பது வருஷமும் அம்மா அவளைக் கொஞ்சித் தீர்த்தாள். கொல்லை வேலைக்குப் போகும்போது ஒரு முத்தம், வந்ததும் ஒரு முத்தம் என்று. எழவுக்கு வந்த பெண்கள் தொட்டிலைக் காட்டி, அம்மாவை முழுங்கிவிட்டுப் பிறந்தவள் என்று பேசிக்கொண்டது அந்தச் சிறுமியின் காதில் விழுந்தது. விழுந்தது அங்கேயே தங்கிவிட்டது. தங்கச்சியைக் குளிப்பாட்டினாள், சோறு ஊட்டினாள், இடுப்பில் தூக்கிச் சுமந்தாள். அப்பன் வேறு ஊரில் வேறு குடித்தனம் போட்டதும் கூலிக்குப் போனாள். ஐந்து வயதில் செல்வியைத் திண்டிவனத்தில் கன்னியர் விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தாள். தனக்கு வந்த இரண்டு வரன்களையும் அவளுக்காகவே வேண்டாம் என்றாள். உதட்டை மட்டும் அவள் பக்கம் கொண்டு போனதில்லை. கோபம் எப்போதோ தீர்ந்து பாசமாகிவிட்டது. ஆனாலும் பழக்கம் பழக்கமாகவே நின்றுவிட்டது. செல்வி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அக்கா அப்படித்தான் என்று விட்டுவிட்டாள்.

பதினோராம் நாள் பிள்ளை பால் குடிக்கவில்லை. எழுப்பினால் எழவில்லை. உடம்பு கொதித்தது. அன்று சாயங்காலம் இடது கை தானாக வெட்டி வெட்டி இழுத்தது. திண்டிவனத்தில் பார்த்துவிட்டு, தாமதிக்காதீர்கள் என்று நூற்றெட்டு வண்டியில் விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள்.

விழுப்புரத்தில் டாக்டர் கலைமதி பார்த்தார். சின்ன வயசு, வேகமான பேச்சு. முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்கினார். அப்புறம் செல்வி, பிரான்சிஸ், கூடவே வந்திருந்த ஜெசிந்தா மூன்று பேரையும் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"குழந்தைய தூக்குனவங்க, கொஞ்சுனவங்க யாருக்காவது உதட்டுல கொப்புளம் இருந்துச்சா?"

"அப்பிடி நோய்க்காரங்க யாரும் எங்க வூட்டுக்கு வரல டாக்டர்" என்றான் பிரான்சிஸ்.

பொருக்கு உதிர்ந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஜெசிந்தாவின் நாக்கு தானாகப் போய் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தது. நமக்கு வந்தது சூட்டுக் கொப்புளம், இவங்க கேக்கறது வேற ஏதோ கிருமி என்று மனசு சொன்னது. ஆனாலும் கை முந்தானையை இழுத்து உதட்டை மறைத்தது. வாயைத் திறக்கவில்லை.

விடிந்ததும் முதல் ஆளாகப் போய் டாக்டர் அறை வாசலில் நின்றாள். உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னாள். சேனை வைத்தது, விரலை வாயில் வைத்துப் பார்த்தது, முத்தம் கொடுத்தது, நேற்று வாயை மூடிக்கொண்டு நின்றது வரைக்கும்.

"நேத்து நீங்க சொல்லாததால ஒண்ணும் கெடல" என்றார் கலைமதி. "சந்தேகம் இருந்ததால மருந்த நேத்தே ஆரம்பிச்சிட்டேன். உக்காருங்க."

"அது சூட்டுக் கொப்புளந்தானே டாக்டர்?"

"இல்லம்மா. ஹெர்பிஸ்னு ஒரு வைரஸ். ஊர்ல பாதிப் பேருக்கு மேல இருக்கும். பெரியவங்களுக்கு உதட்டோட போயிடும். பொறந்து ஒரு மாசம் ஆகாத குழந்தைக்கு மூளைக்குப் போயிடும்."

ஜெசிந்தா நாற்காலி நுனிக்கு வந்தாள். "எனக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

"சின்ன வயசுலயே வந்திருக்கும். காதுக்கு முன்னால, மண்டைக்குள்ள ஒரு நரம்பு முடிச்சு இருக்கு. உதட்டுலேர்ந்து நரம்பு வழியாவே ஏறி அங்க போயிடும். அந்த நரம்பு அணுக்கள் நாம சாவற வரைக்கும் சாவாது, புதுசாவும் பொறக்காது. பத்திரமான வீடு. உள்ள போனதும் தன்ன வட்டமா சுருட்டிக்கிட்டு, எல்லா வேலையும் நிறுத்திட்டு, படுத்துக்கும். தான் இருக்கறத காட்டிக்கவே காட்டிக்காது. ஒரே ஒரு சின்ன வேலை மட்டும் பண்ணிக்கிட்டு இருக்கும், தான் படுத்திருக்கற அணு செத்துடாம பாத்துக்கும். உடம்புல இருக்கற காவல் எல்லாம் பக்கத்துலயே நின்னாலும் அத தொரத்த முடியாது."

"அப்பறம் எப்பிடி வெளிய வருது?"

"வெயிலு, ஜுரம், தூக்கமில்லாதது, மனக்கஷ்டம். உடம்பு கொஞ்சம் அசந்தா முழிச்சிக்கும். போன வழியிலேயே எறங்கி உதட்டுக்கு வரும். அதனாலதான் எப்பவும் அதே எடம். சில சமயம் கொப்புளமே இல்லாம எச்சில்ல மட்டும் வரும்."

"மருந்து குடுத்து அத எடுத்துடுங்க டாக்டர். எனக்கு வேணாம்."

"முழிச்சிருக்கறப்பதாம்மா மருந்து புடிக்கும். தூங்கறத ஒண்ணும் பண்ண முடியாது."

"யாரு குடுத்திருப்பாங்க எனக்கு?"

"பெரும்பாலும் அம்மா அப்பா குடுக்கற முத்தந்தான்" என்றார் கலைமதி. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

அறுவடைக் காலத்தில் அம்மாவின் உதட்டு ஓரத்தில் பொருக்கு இருக்கும். ஜெசிந்தாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கன்னத்தில் சொரசொரவென்று படும். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள், அம்மா விடாமல் பிடித்துக் கொடுப்பாள்.

"இன்னொண்ணு" என்றார் டாக்டர், காகிதத்தைப் பார்த்துக்கொண்டே. "உங்க தங்கச்சி ரத்தத்தையும் பாத்தோம். அவங்களுக்கு இது வந்ததே இல்ல. வந்திருந்தா அத எதிர்க்கற சக்தி வயித்துக்குள்ளயே குழந்தைக்குப் போயிருக்கும். இவ்வளவு மோசமா ஆகாம தடுத்திருக்கலாம். உங்ககிட்டேர்ந்துதான் வந்துச்சுன்னு நான் அடிச்சு சொல்ல முடியாது. நான் அவங்ககிட்ட உங்க பேர சொல்லவும் மாட்டேன். சொல்லணும்னா நீங்க சொல்லுங்க."

ஜெசிந்தா வெளியே வந்து வராண்டாவில் உட்கார்ந்தாள். கணக்குத் தெரியாதவள் அல்ல. செல்விக்கு அம்மா முத்தம் கொடுக்கவில்லை, செத்துப் போனாள். அக்கா கொடுக்கவில்லை, உயிரோடு இருந்தும் கொடுக்கவில்லை. யாராவது ஒருத்தர் கொடுத்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு வயிற்றிலேயே ஒரு காவல் கிடைத்திருக்கும். கொடுக்க வேண்டிய நாளில் கொடுக்காமல், கொடுக்கக் கூடாத நாளில் கொடுத்துத் தொலைத்தாள். இதைச் சொல்லி அழ அவளுக்கு இருந்த ஒரே ஆள் உள்ளே பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

பதினாறாம் நாள் காலை, இனி நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கோயில் திருவிழாவோடு ஞானஸ்நானம் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்த பிள்ளை. பங்குச் சாமியார் வந்து சேரப் பொழுது போதாது. சாகக் கிடக்கும் பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். பிரான்சிஸ் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து ஜெசிந்தாவிடம் நீட்டினான்.

"நீயே ஊத்து அக்கா" என்றாள் செல்வி. "சேனை வெச்ச கை. நீயே ஊத்து."

ஜெசிந்தா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அக்கா!"

"என்னால ஆவாதுடி. வேற யாரையாச்சும் ஊத்தச் சொல்லு." சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். சுவரில் போய் இடித்தாள்.

கடைசியில் வார்டில் இருந்த ஒரு நர்ஸ், அவரும் கோயிலுக்குப் போகிறவர், டம்ளரை வாங்கினார். பேர் என்ன என்று கேட்டார். செல்வி அக்காவையே பார்த்துக்கொண்டு "லூர்து" என்றாள். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே தண்ணீர் மூன்று முறை நெற்றியில் விழுந்தது. அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

திண்டிவனம் கல்லறையில் முழங்கை நீளப் பெட்டியை இறக்கினார்கள். ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். ஜெசிந்தா தூரத்திலேயே நின்றாள். செல்வி அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

முகையூருக்குத் திரும்பியவள் வேறு ஆளாகிவிட்டாள். தனக்கென்று ஒரு டம்ளர், ஒரு தட்டு என்று ஒதுக்கினாள். கொல்லையில் பெண்கள் ஒரே சொம்பில் தண்ணீர் குடிப்பது வழக்கம். அவள் பாட்டில் கொண்டுபோனாள். பக்கத்து வீட்டு வெண்ணிலா தன் கைப்பிள்ளையை வழக்கம்போல இவள் மடியில் போட வந்தபோது கதவைச் சாத்திக்கொண்டாள். இவளுக்கு என்ன திமிர் வந்தது என்று வெண்ணிலா தெரு முழுக்கக் கேட்கும்படி கத்திவிட்டுப் போனாள். கத்தட்டும் என்று உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

நாற்பது நாள் கழித்து பிரான்சிஸ் போன் பண்ணினான்.

"அவ சரியா சாப்புடறதில்ல அக்கா. எங்க அக்காவுக்கு எம் புள்ள சாவறப்ப தொடறதுக்கு அருவருப்பா போச்சுன்னு அதையே சொல்லிக்கினு கெடக்கறா. நான் சொன்னா கேக்கல. ஒரே பேஜாரா இருக்கு. நீங்க ஒரு வாட்டி வந்து பேசுங்க."

அருவருப்பா! சொல்லாமல் இருந்தால், செத்துக்கொண்டிருந்த பிள்ளையைத் தொடக் கூசியவள் என்று செல்வி வெறுப்பாள். சொன்னால், பிள்ளையையே கொன்றவள் என்று வெறுப்பாள். இரண்டில் எதைச் செய்தாலும் தங்கச்சி மிஞ்சப் போவதில்லை. ஆனால் தன் பிள்ளையைப் பார்த்து அக்கா அருவருப்புப் பட்டாள் என்ற பொய்யோடு அவள் ஏன் கிடந்து வேக வேண்டும்?

மறுநாள் காலை முகம் கழுவும்போது உதடு அரித்தது. அதே இடம். அதற்கு வெட்கமா, மானமா? ஜெசிந்தா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, பையில் தன் டம்ளரைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

பிரான்சிஸ் வேலைக்குப் போயிருந்தான். செல்வி கதவைத் திறந்தாள், வா என்று சொல்லவில்லை. போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். ஜெசிந்தா எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அருவருப்பு இல்லடி."

"பின்ன இன்னா?"

ஜெசிந்தா முந்தானையை விலக்கிக் காட்டினாள். சொன்னாள். டாக்டர் சொன்ன எதையும் விடவில்லை. நரம்பு முடிச்சு, உள்ளே படுத்திருப்பது, முழிப்பது, இறங்கி வருவது. விரலை வாயில் வைத்துப் பார்த்ததைச் சொல்லும்போது அழுதுகொண்டே அந்த விரலை நீட்டிக் காட்டினாள். "அந்தக் கையாலதான் மறுபடியும் அது தலையில தண்ணி ஊத்தச் சொன்ன. எப்பிடி ஊத்துவேன்?"

செல்வி அழவில்லை, கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வெளியே ஷேர் ஆட்டோக்காரன் ஒருவன் மேம்பாலம், மேம்பாலம் என்று கூவிக்கொண்டு போனான். செல்வி சத்தம் வந்த வாசல் பக்கம் பார்த்தாள்.

"வாசல்ல காவலுக்கு நின்னது அவரு" என்றாள் செல்வி கடைசியில். "வெக்கச் சொன்னது நானு."

"நீ தெரியாம சொன்ன."

"நீ மட்டும் தெரிஞ்சா வெச்ச?"

ஜெசிந்தாவால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால், எழுந்து அடித்திருந்தால் கூட ஆறியிருக்கும். "இன்னும் ஒண்ணு இருக்குடி. அதையும் கேட்டுட்டு என்ன வெளிய போவச் சொல்லு. உனக்கு அது இருந்திருந்தா புள்ளைக்கு வயித்துலயே எதிர்ப்பு வந்திருக்குமாம். எனக்கு அம்மா முத்தம் குடுத்துக் குடுத்து வந்துச்சு. உனக்கு நான் குடுக்கல. நீ பொறந்துதான் அம்மா போச்சுன்னு சின்னதுல எனக்கு உம் மேல கோவம். அதனால குடுக்கல. அப்பறம் கோவம் போச்சு. அப்பவும் குடுக்கல."

செல்வி தலையை நிமிர்த்தினாள். அந்தக் கோபத்தைப் பற்றி அவள் இருபத்தொன்பது வருஷத்தில் இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறாள்.

"விடுதியில ஞாயித்துக்கெழம எல்லாப் புள்ளைங்களுக்கும் அவங்க அம்மா வந்து முத்தம் குடுக்கும்" என்றாள். "நீ முறுக்கு பொட்டலத்த நீட்டுவ. அக்காவுக்கு வெக்கம்னு நெனச்சிக்குவேன்." அக்காவின் உதட்டைப் பார்த்தாள். "ஒண்ணு குடுத்திருந்தா போதுமா அக்கா?"

"தெரியலடி. ஒண்ணு கூட போதுமானதா இருந்திருக்கும்."

செல்வி கட்டிலை விட்டு இறங்கி அக்காவின் எதிரில் மண்டியிட்டாள். ஐந்து வயசுப் பிள்ளை மாதிரி முகத்தை நீட்டினாள். "இப்ப குடு."

"ஐயோ, வேணாம்." ஜெசிந்தா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். "இனிமே யாருக்கும் குடுக்க மாட்டேன். செத்தாலும் மாட்டேன்."

செல்வி நீட்டிய முகத்தை எடுக்காமல் வெகு நேரம் இருந்தாள். அப்புறம் எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பையில் என் டம்ளர் இருக்கு என்று ஜெசிந்தா சொன்னதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

"இதுலயே குடி. அழுது அழுது தொண்ட காஞ்சிருக்கு."

ஜெசிந்தா வாய் வைத்துக் குடித்தாள். பாதிக்கு மேல் இறங்கவில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பலாம் என்று எழுந்தாள். செல்வி அதை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அக்காவின் உதடு பட்டு ஈரமாகியிருந்த விளிம்பைத் தன் பக்கமாகத் திருப்பினாள்.

"அம்மா உனக்குன்னு குடுத்துட்டுப் போனதுதானே. எனக்கும் வேணும்."

"செல்வி, வேணாண்டி. சொன்னா கேளு."

ஜெசிந்தாவின் கை நீண்டது. பிடுங்கியிருக்கலாம், எட்டும் தூரம்தான். கை அந்தரத்திலேயே நின்றது. அவள் மனசைத் திடப்படுத்திக்கொள்வதற்குள் டம்ளர் காலியாகிவிட்டது.